போகாத ஊருக்குத் தண்டவாளம்

அப்பு, போகாத ஊருக்கு வழி கேக்குறவுகள நெறையப் பாத்திருக்கேன். போகாத ஊருக்கு ஜல்லி கொட்டி, கட்டை அடுக்கி, தண்டவாளமே போட்டு வெச்சிருக்கவன இப்பத்தான் பாக்குறேன். அதுவும் என் சொந்தப் பேரன். மண்டபம் செக்சன்ல கேங்மேன், கீமேன், மேட்டுன்னு முப்பத்தேழு வருசம் லைன்லயே நடந்து தேஞ்ச காலு இது. நான் பாத்த லைன்ல மாசம் பொறந்தா சம்பளம் வந்துச்சு. நீ போட்டிருக்க லைன்ல மாசம் பொறந்தா சம்பளம் போகுது. மத்தபடி ரெண்டும் ஒன்னுதான்.

கண்ணுல பொறை எடுக்கணும்னு மெட்ராசுக்குக் கூட்டியாந்த. எடுத்தாச்சு. இப்ப எதுத்த மாடிக் கொடியில எத்தன கிளிப்பு மாட்டியிருக்குன்னு உக்காந்த எடத்துலேர்ந்தே எண்ணிருவேன். அதுதான் ஒனக்குப் புடிச்ச சனி. பொறையோடயே இருந்திருந்தா, "அடேங்கப்பா, என்னா அழகு"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, ரெண்டு இட்லி தின்னுட்டு ராமேஸ்வரம் வண்டியப் புடிச்சிருப்பேன்.

எட்டுக்கு நாலு பிளைவுட்டு. அதுல பொம்மை ரயிலு ஓட ஒரு கடக்கரை ஊரு. பேரு சங்குமுனை. மேப்புல இல்ல, தாலுகா ஆபீசு அடங்கல்ல இல்ல, ரேசன் கடைக் கணக்குலயும் இல்ல. ஒன் மனசுல இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஸ்டேசன் பலகை என் கண்ணுல படுதே, அதுக்கு என்ன பண்ண? மஞ்சப் பலகை, கறுப்பு எழுத்து, மூணு பாசை, எல்லாம் நேத்தியாத்தான் எழுதியிருக்க. கீழ சின்ன எழுத்துல கடல்மட்டத்துலேர்ந்து எத்தன மீட்டர் ஒசரம்னு போடுவாக பாரு, அதுல 214 மீட்டர்னு போட்டிருக்க. பிளாட்பாரத்துலேர்ந்து நாலு விரக்கடை தள்ளி அலை அடிக்குது. அப்பு, அந்த ஒசரத்துல கடல் நின்னா மதுரையே முங்கிப்போகும். எங்கேயோ ஒரு ஸ்டேசன் போட்டோவப் பாத்து எழுத்து மாறாமக் காப்பியடிச்சிருக்க. பள்ளிக்கூடத்துல பக்கத்துப் பய பேப்பரைப் பாத்து எழுதுனவன் அவன் பேரையும் சேத்து எழுதிட்டு வந்தானாம், அந்தக் கதைதான்.

கேட்டா, "கற்பனை ஊருதான ஐயா, எப்படி வேணாலும் இருக்கலாம்"ங்குற. அங்கதான் வழுக்கி விழுகுற. நெசமான ஊரு ஏடாகூடமா இருந்தாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாக. அது அப்படித்தான் இருக்கு, போ. பொய்யிக்குத்தான் அப்பு கணக்குச் சரியா இருக்கணும். எங்க கேங்குல ஒருத்தன் லீவுக்காக மாமியாள ரெண்டு தடவை சாகடிச்சான். மொதத் தடவை எல்லாரும் துட்டி கேட்டோம். ரெண்டாந்தடவை மாட்டுனான். அவன்கிட்ட மாமியா கணக்கு இல்ல.

நீ போன்ல காட்டுனியே, சீமையில ஜான் ஆஹெர்ன்னு ஒருத்தரு, 1930-கள்ல ஒரு பள்ளத்தாக்கையே கட்டி, அதுக்கு மேடர் வேலின்னு பேரு வெச்சு, மேடர்போர்ட்டுன்னு ஒரு துறைமுக ஊரையும் வெச்சாருன்னு. அது இப்ப ஆக்ஸ்போர்ட்சயர்ல பெண்டன் மியூசியத்துல பத்தரமா இருக்காம். இல்லாத ஊரை மியூசியத்துல வெச்சுக் காப்பாத்துறாக, இருந்த தனுஷ்கோடிய நம்மளால காப்பாத்த முடியல. அது கெடக்கட்டும். தாமசு இஞ்சின் கதை எழுதுன ஆட்ரி பாதிரியாரு என்ன பண்ணுனாரு? அவுக சபையில 'சோடார் அண்டு மேன்'னு ஒரு மறைமாவட்டம். மேன் தீவு இருக்கு, சோடார்னு ஒரு தீவைக் காணோம். மேனுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவுல கடல்ல எடம் காலியாத்தான கெடக்குன்னு அங்க ஒரு தீவைப் போட்டுட்டாரு. பேரு பாதி ஏற்கெனவே நெசம், அதனால மீதியும் நெசம் மாதிரி ஆயிருச்சு. சாமியாருதான், ஆனா வெவரமான சாமியாரு. நம்ம ஆர்.கே. நாராயணன் மட்டும் என்ன? 1935-ல வந்த மொத நாவல்லயே மால்குடி வந்துருச்சு. அந்த ஊரு அவரு மனசுல மொதல்ல வந்து நின்னதே ஒரு சின்ன ரயில்வே ஸ்டேசனோடதானாம். பெறகு டி.வி. நாடகத்துக்கு கர்நாடகத்துல அரசாளுங்குற ஸ்டேசன மால்குடியாக் காட்டுனாக. இப்ப அந்த நெச ஸ்டேசன்ல மால்குடி பேருல மியூசியம். பொய்யி முத்துனா நெசம் அதுக்குக் கூலி வேலைக்கு வந்துரும், பாத்துக்க.

இவுக எல்லாம் ஊருக்குள்ள ஒரு கட்டுதிட்டம் வெச்சிருந்தாக. ஒன் ஊருல என்ன இருக்கு? இஞ்சின் மூக்குல பனி தள்ளுற தகடு இருக்கு. ராமநாதபுரம் வெயில்ல! செர்மனிக்காரன் அவன் ஊருக்குச் செஞ்ச இஞ்சின், அவனைக் குத்தம் சொல்ல முடியாது. அதை உப்பு தள்ள வெச்சிருக்கேன்னு ஒன் பொண்டாட்டிகிட்ட சமாளிச்ச பாரு, அந்தப் புள்ளையும் தலைய ஆட்டுச்சு. அது நம்பித் தலையாட்டல. அடுப்புல பால் பொங்குற நேரம், அதான்.

அளவு என்னன்னு கேட்டேன். "ஹெச்.ஓ. ஐயா, எண்பத்தேழுல ஒன்னு"ன்ன. சரி, நான் எட்டாப்புதான், ஆனா வகுக்கத் தெரியும். நம்ம பிராட்கேஜு 1676 மில்லி. எண்பத்தேழால வகுத்தா பத்தொம்பது மில்லிக்குக் கொஞ்சம் மேல. ஒன் தண்டவாளம் பதினாறரை. அது சீமைக்காரன் கேஜு. நான் வேலை பாத்த மீட்டர்கேஜுக்குன்னா பன்னெண்டு மில்லியில லைன் விக்கிறானாம், கிட்டத்தட்ட சரியா வருது. மூணு மில்லிதானன்னு சிரிக்காத. மூணு மில்லிய எண்பத்தேழால பெருக்கு, கால் மீட்டர். கேஜு கால் மீட்டர் வித்தியாசமா இருந்தா எங்க லைன் இன்ஸ்பெக்டரு பி.டபிள்யூ.ஐ. மெமோ குடுக்க மாட்டாரு, மாரடைச்சுப் போயிருவாரு. இருந்தாலும் வாங்குனது வாங்கிட்ட. சீமையிலயும் இதே குறையோடதான் ஓட்டுறாகன்னு நீயே சொன்ன. அதை நான் மன்னிச்சுட்டேன்.

ஜல்லிய மன்னிக்க முடியாது. மீன்தொட்டிக்குப் போடுற கல்லை அள்ளியாந்து கொட்டியிருக்க. ஒவ்வொன்னும் அஞ்சு மில்லி. அதை எண்பத்தேழால பெருக்கிப் பாரு, ஒன்னரை அடி. அது ஜல்லியா? ஆட்டுக்கல்லு. தண்டவாளத்துக்கு நடுவுல ஆட்டுக்கல்லா அடுக்கி வெச்சிருக்க. அம்பது மில்லி ஜல்லி ஒன் கணக்குல அரை மில்லிதான் வரணும். ஒங்கப்பத்தா மாவு சலிக்கிற சல்லடை ஊருல பரணையில கெடக்கு. அதுல கீழ எறங்குனதுதான் ஒனக்கு ஜல்லி, மேல நின்னது ஊருக்குள்ள பாறாங்கல்லு.

ஒட்டுறதையும் பாத்தேன். ஃபெவிகாலைத் தண்ணியில கரைச்சு ஊத்துற, அது ஜல்லிக்குள்ள எறங்காம முத்து முத்தா உருண்டு நிக்குது. ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணிய அதுல விடு, தானா உறிஞ்சிக்கிரும். இது யாரு சொன்னதுங்குற? ஒன் வீடியோவுல அந்த மொட்டைத் தலையன் சொன்னான். நீ அந்த நேரம் ஆபீசு போன்ல இருந்த.

கடக்கரை மணலை அள்ளியாந்து போட்டா நெசமா இருக்கும்னு ஒரு டப்பா நெறைய வெச்சிருக்க. வேணாம். அது உப்பு மணலு, ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே கெடக்கும், தண்டவாளம் பாழாப்போகும். அதுவும் போக, ஒரு காந்தத்தை எடுத்து அந்த டப்பாவுல உருட்டிப் பாரு. கறுப்பா மீசை மொளைக்கும். நம்ம பக்கக் கடல்ல கருமணல் கலந்து கெடக்கு. ஒன் இஞ்சின் வயித்துல மோட்டாரு இருக்கு, மோட்டாருக்குள்ள காந்தம் இருக்கு. மிச்சத்தை நான் சொல்லணுமா?

இனி மலைக்கு வர்றேன்.

சங்குமுனைக்கு மேக்க ஒரு மலை, மலைக்குள்ள ஒரு குகை, குகைக்குள்ள ரயிலு. ராமநாதபுரம் ஜில்லாவுல குகை! எங்க தீவுல ஆக ஒசரம் கந்தமாதன பர்வதம். பேருதான் பர்வதம், ஏறிப் பாத்தா மணல்மேடு. அதுக்கே நாங்க பர்வதம்னு பட்டம் கட்டி வெச்சிருக்கோம். நீ எதுக்கு மலை வெச்சன்னு எனக்குத் தெரியாமலா? வளைவை மறைக்க. ஒன் மேசை அகலம் நாலடி, அதுக்குள்ள வண்டி திரும்பி வரணும்னா பதினெட்டு அங்குல ஆரத்துல லைன முறுக்கியிருக்க. நெச அளவுல அது நாப்பது மீட்டர். மீட்டர்கேஜுக்கு ரூலு என்ன? பதினாறு டிகிரி வளைவுதான் உச்சம், ஆரம் 109 மீட்டர். அதுக்கே சக்கரம் கீச்சு கீச்சுன்னு அழுகும். ஒன் வளைவுல போற வண்டி வாலைத் தானே கவ்வப் பாக்குற நாய் மாதிரி இருக்கு. அதை மறைக்கிறது நியாயம்தான், களவு பண்ணுனா மூடத்தான் வேணும். ஆனா அந்த ஊருல எது மொளைக்குமோ அதைக் கொண்டு மூடு. பனங்காடு வை. ஒடை மரம் வை, காத்துக்கு எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு நிக்கட்டும். சீமைக்கருவேலம் வை, அது வெக்காமயே மொளைக்கும். உப்புக் குடோன் ஒன்னு நீளமா வை, அதுக்குப் பின்னாடி வண்டி போய் மறஞ்சா, எந்தக் கொம்பனும் வளைவு எங்கன்னு கேக்க மாட்டான்.

இப்ப சொல்லப்போறதுக்கு நீ கோவிச்சுக்கக் கூடாது. வந்த மொத நாளே நான் இதைப் பாத்துட்டேன், மூணு நாளா வாயத் தொறக்கல. ஏன்னா நீ தானாக் கண்டுபுடிப்பன்னு பாத்தேன். இன்னொன்னு, அந்த மூணு நாளும் சாயங்காலம் ஒன் பொண்டாட்டி வாழக்கா பஜ்ஜி போட்டுக் குடுத்துச்சு. திங்கிற வாயி சும்மா இருக்கணும்.

வண்டி பனங்காட்டைத் தாண்டி வருது. கைகாட்டி எறங்குது. (கைகாட்டியைக் கடலப் பாத்து நட்டிருக்க, அது ரயிலுக்கு இல்ல, கப்பலுக்கு வழி காட்டுது. அதை அப்பறம் பாப்போம்.) வண்டி ஸ்டேசனுக்குள்ள வந்து, முட்டுக்கட்டைக்கு ஒரு சாண் முன்னாடி நிக்குது. நீ சின்னதா ஊதல் விட்ட. அந்தப் புள்ள கைதட்டுச்சு. நான் பஜ்ஜியக் கடிச்சேன். அப்பறம் என்ன பண்ணுன? மேலேர்ந்து கைய நீட்டி, இஞ்சினக் கோழிக்குஞ்சு தூக்குற மாதிரி தூக்கி, வண்டியோட மறுகடைசியில கொண்டுபோய் வெச்ச. மறுநாளும் தூக்குன. அதுக்கு மறுநாளும் தூக்குன. ஒன் சங்குமுனையில கடவுள் அடிக்கடி கை நீட்டுறாரு அப்பு. நெச ஊருல கூப்புட்டாக்கூட வர மாட்டேங்குறாரு.

இஞ்சின் முன்னால, பின்னால நாலு பெட்டி, எதுத்தாப்புல முட்டுக்கட்டை. வெளிய வர வழி எங்க? அது சாகுற வரைக்கும் அங்கயே கெடக்க வேண்டியதுதான். கடக்கரையில ரயில் முடியிற ஊருன்னா மொதல்ல போட வேண்டியது லூப்பு. நாலாம் நாளு நான் முந்துன நாள் பஜ்ஜி மடிச்ச பேப்பரை விரிச்சு, ரெண்டு தீக்குச்சிய நேரா வெச்சு, ரெண்டை உடைச்சுக் குறுக்க வெச்சுக் காட்டுனேன். இஞ்சின் கழண்டு முன்னால போகணும், பாயிண்ட்டைத் தாண்டி நிக்கணும், பாயிண்ட்டு திரும்பணும், பக்கத்து லைன்ல பின்னாடியே வந்து, பெட்டிகளத் தாண்டி, அந்தக் கடைசியில வந்து கொக்கி மாட்டணும். நீ ஒடனே பாயிண்ட்டு ரெண்டு ஆர்டர் போட்டுட்ட. போட்டப்பறம்தான் பாத்த, முட்டுக்கட்டைக்கும் பாயிண்ட்டுக்கும் நடுவுல இஞ்சின் நிக்க எடம் இல்ல. முக்கால் இஞ்சின்தான் நிக்குது. இது ஒன் ஒருத்தன் தப்பு இல்ல, மேசையில ரயில் விடுற பாதிப்பேரு மொதத் தடவை பண்றதுதானாம். தீக்குச்சி வெச்சப்பவே எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். அன்னைக்கி பஜ்ஜி இல்ல, கோவத்துல இருந்தேன்.

பெட்டி எத்தனைன்னு கேட்டதுக்கு பன்னெண்டு வாங்கப்போறேன்ன. ஐ.சி.எஃப். பெட்டி ஒன்னு இருபத்தோரு மீட்டருக்கு மேல. ஒன் அளவுல கால் மீட்டர். பன்னெண்டு பெட்டின்னா மூணு மீட்டர். ஒன் மேசை மொத்தமே ரெண்டரை மீட்டர் இல்ல. மொதப் பெட்டி சங்குமுனையில எறங்குறப்ப கடைசிப் பெட்டி சமையக்கட்டுல நிக்கும். நாலோட நிறுத்து. நாலு பெட்டிய நாப்பது மாதிரி காட்டுறதுக்குத்தான் பனங்காடும் குடோனும்.

அதைவிடப் பெருசா ஒன்னு கேக்குறேன். அந்த ரயிலு அங்க எதுக்குப்பா வருது?

முழிக்கிற பாரு. ரயிலு வேடிக்கை பாக்க எந்த ஊருக்கும் வராது. தனுஷ்கோடிக்கு எதுக்கு லைன் போட்டான் வெள்ளைக்காரன்? 1914-ல பாம்பன் பாலம் திறந்தான். எழும்பூர்ல டிக்கெட் எடுத்தா கொழும்பு வரைக்கும் அதே டிக்கெட்டு. தனுஷ்கோடி வரைக்கும் ரயிலு, எறங்குனா எதுத்தாப்புல கப்பலு, தலைமன்னார்ல திரும்ப ரயிலு. போட் மெயில்னு பேரே அதுக்குத்தான். ரயிலுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதனால துறை இருந்துச்சு, துறை இருந்ததால கஸ்டம்ஸ் ஆபீசு, தபாலாபீசு, கோயிலு, சர்ச்சு. ஊரு அப்படித்தான் கோத்துக்கிட்டு வரும். நீ என்ன பண்ணியிருக்க? மொதல்ல கலங்கரை விளக்கம் வாங்கியிருக்க. ஏன்? தள்ளுபடியில வந்துச்சு.

உக்காந்து யோசி. சங்குமுனையில உப்பளம் இருக்கா? இருந்தா உப்பு வேகன் நிக்க ஒரு சைடிங் வேணும். மீனு எறங்குதா? அப்ப ஐஸ் பெட்டியோட சாயங்கால வண்டிக்கு அவசரம் இருக்கும், பிளாட்பாரத்துல தண்ணி ஒழுகி ஈரமா இருக்கும், பூனை ரெண்டு நிக்கும். தீர்த்தக்கரை இருக்கா? ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் எறங்கும், நனைஞ்ச துணியோட திரும்ப ஏறும். ஸ்டீம் இஞ்சின் ஓட்டணும்னு ஆசைப்படுற, அதுக்கு நல்ல தண்ணி எங்க? கடத்தண்ணிய ஊத்துனா பாய்லர் போச்சு. அப்ப ஊருல ஒரு ஊருணி வேணும், கெணறு வேணும், ஒசரத்துல ஒரு தண்ணித் தொட்டி வேணும். தொட்டி இருந்தா அதுக்குக் கீழ ரெண்டு பொம்பளைக கொடத்தோட நிப்பாக. பாத்தியா, ஒரு கேள்வியக் கேட்டா ரெண்டு ஆளு தானா வந்து நிக்கிறாக. கலங்கரை விளக்கம் வாங்குனா யாரு வந்தா?

கடலுக்கு வருவோமா? நீ அந்தப் பேச்சை எடுக்காதன்னு கண்ணைக் காட்டுற. எடுக்காம விட முடியாது, என் வேட்டி அதுல இருக்கு.

ரெண்டு டப்பா பிசுனு வாங்குன. ரெசின்னு நீ சொல்ற, எனக்கு அது பிசுனுதான். ரெண்டையும் கலந்து ஊத்துனா கண்ணாடி மாதிரி கடல் உறையுமாம். மெல்லிசா ஒரு படை ஊத்து, அது காஞ்சப்பறம் அடுத்த படை ஊத்துன்னு டப்பா மேலயே எழுதியிருக்கு. நீ ராத்திரி பதினோரு மணிக்கு, காலையில மீட்டிங் இருக்குன்னு, மொத்தத்தையும் ஒரே மூச்சுல ஊத்திட்ட. நான் பக்கத்துல கைய வெச்சுப் பாத்தேன், கடல் சுடுது. "ஐயா, அப்படித்தான் சூடாகும்"ன. அரை சாண் கனத்துல ஊத்துனா சூடாகாம என்ன பண்ணும்? முட்டை முட்டையா நொரை வேற. அதோட விட்டுச்சா? பிளைவுட்டு மூலையில ஒரு சந்து. கலப்பத்து அடிக்காம எவனாவது வத்தையத் தண்ணியில எறக்குவானா? அந்தச் சந்து வழியா சங்குமுனைக் கடல் ராத்திரி பூராம் சொட்டு சொட்டா எறங்கியிருக்கு. மழைக்குப் பயந்து மேசைக்குக் கீழ காயப்போட்ட என் நாலு மொழ வேட்டி அதுக்கு நேரா கெடந்துச்சு.

காலையில எடுத்தேன். துணியா அது? தகரம். மடிக்கப் பாத்தேன், டப்புன்னு அப்பளம் மாதிரி ஒடையுது. ஒன் பொண்டாட்டி சிரிச்ச சிரிப்புல எதுத்த வீட்டுக் கதவு தொறந்துச்சு. அந்த வேட்டிய நான் தூக்கிப் போடல. சங்குமுனையில குடோனுக்குக் கூரை தகரம் வேணும்னியே, அதுக்கு வெட்டிக்க.

செர்மனியில ஆம்பர்க்குங்குற ஊருல, மினியேச்சர் வண்டர்லேண்டுன்னு 2001-ல திறந்த எடத்துல, ஸ்காண்டிநேவியாப் பக்கம் முப்பதாயிரம் லிட்டர் நெசத் தண்ணி வெச்சிருக்காக, அலைகூட வத்தி ஏறுதுன்னு காட்டுன. கண்ணு மின்னுச்சு ஒனக்கு. முப்பதாயிரம் லிட்டர்னா மெட்ராஸ்ல ரெண்டரை லாரித் தண்ணி. இந்தக் குடியிருப்புல பாத்ரூம் தொட்டிக்கே ஏழு மணிக்கு மேல தண்ணி வராது. அந்த ஆசைய இன்னைக்கே தலைமுழுகு, அதுவும் அரை வாளியில.

பிசுனை மறுபடி ஊத்துறதுக்கு முன்ன, அது எந்தக் கடல்னு சொல்லு. தனுஷ்கோடி மணல்ல நின்னா வடக்க பெண்கடல், தெக்க ஆண்கடல். ஒன்னு கொளம் மாதிரி கெடக்கும், இன்னொன்னு சீறிக்கிட்டு வரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணல்திட்டுதான். பெண்கடல்னா கரைகிட்ட பாசி நெறம், அலைக்கு டிஷ்யூ பேப்பர் சுருட்டி ஒட்ட வேண்டிய வேலையே இல்ல. ஆண்கடல்னா நொரை வேணும், படகைக் கரைக்கு மேல இழுத்துப் போட்டிருக்கணும். நீ கடலுக்கு நீலம் அடிச்சு, கரையில ஆண்கடல் அலைய ஒட்டி, அதுல பெண்கடல் மாதிரி படகை அசையாம நிறுத்தியிருக்க. அதுவும் என்ன படகு? வெள்ளைப் பாய் கட்டுன படகு. வெள்ளைக்காரன் சாயங்காலம் பொண்டாட்டியோட காத்து வாங்கப் போறது. அதுல வலையப் போட்டா வலை வேற, படகு வேறன்னு தனித்தனியாத்தான் கரைக்கு வரும். ரெண்டு வத்தை செய், ஒரு வள்ளம் செய். ஐஸ்கிரீம் குச்சி போதும்.

ஆனா ஒன்னு ஒத்துக்கிறேன். தூரத்துக் கப்பலச் சின்ன அளவுல வாங்கி வானத்தோரமா வெச்சிருக்க பாரு, கண்ணு பத்து மைலு தள்ளி இருக்குன்னு நம்பிருது. அது நல்ல களவாணித்தனம். அது எனக்குப் புடிச்சிருக்கு.

பழைய பாம்பன் பாலத்தை வெக்கணும்னு அடுத்த ஆசை. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம் அது. ஒன் அளவுல இருபத்துநாலு மீட்டர் வரும். ஒன் வீட்டு ஹாலைத் தாண்டி, லிப்டைத் தாண்டி, குடியிருப்புச் சங்கத் தலைவர் வீட்டுப் படுக்கையறையில போய் முடியும். அவரு ஏற்கெனவே ஒன் மேல காட்டமா இருக்காரு. வேணும்னா நடுவுல தூக்குற ஷெர்சர் கர்டரை மட்டும் வை, ரெண்டு பக்கமும் நாலு கண்ணு போதும். அதுக்கு மோட்டார் வெக்கப்போறியாக்கும்? நெசத்துல அப்ப ஆளுக கையால சுத்தித்தான் தூக்குனாக, கப்பல் போற வரைக்கும் நாங்க பீடி குடிப்போம். 1964 புயல்ல அந்தப் பாலத்தோட கர்டர்கள் கடலுக்குள்ள போனப்ப, ஸ்ரீதரன் எஞ்சினியர் 46 நாள்ல தூக்கி நிறுத்திட்டாரு. நான் வேலையில சேந்த காலத்துல பெரியாளுக இதைச் சொல்லிச் சொல்லி எங்க காது புளிச்சுப்போச்சு. ஒன் பிளைவுட்டு ரெண்டு வருசமா நடக்குது. நான் ஒன்னும் சொல்லல.

அந்தப் பழைய பாலத்துல காத்து 58 கிலோமீட்டரைத் தாண்டுனா சிக்னலே கெடைக்காம இருந்துச்சு, வண்டி நிக்க வேண்டியதாத்தான் இருந்துச்சு. ஒன் ஊருல ஃபேன் மூணுல வெச்சா பனை பறக்குது. அதுக்கொரு சிக்னல் போடு.

ஊரோரத்துல இடிஞ்ச சர்ச்சு ஒன்னு வெக்கணும், தனுஷ்கோடி மாதிரி, பாக்க அம்சமா இருக்கும்ன. அன்னைக்கி நான் பதில் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டேன். நீ தண்ணி குடிக்கப் போறாருன்னு நெனச்ச. 1964 டிசம்பர் 22 ராத்திரி எனக்குப் பதினேழு வயசு, மண்டபத்துல இருந்தோம். கூரை போயிருச்சு, பனமட்டை கத்தி மாதிரி பறக்குது. பாம்பன்லேர்ந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் நம்பர் பாசஞ்சர் போய்ச் சேரல. நூறு பேருக்கும் மேல. அந்த வண்டி பெட்டி எத்தனை, இஞ்சின் எதுன்னு நீ கேட்டா எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இடிஞ்சத எல்லாரும் போட்டோ புடிக்கிறாக, புடிச்சுட்டுப் போகட்டும். ஆனா ஒன் கையில ஒரு ஊரு இருக்கு, அதுல இன்னும் புயல் வரல. ஓடு ஒரு எடத்துல ஒடையல, பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா புள்ளைக வரும். அதுல போய் எதுக்கு இடிஞ்ச சொவரு? முழுசா வை. பவளப்பாறைக் கல்லுல கட்டி, சுண்ணாம்பு அடிச்சு, வாசல்ல செருப்பு கெடக்குற மாதிரி முழு சர்ச்சா வை.

சரி சரி, மூஞ்சியத் தூக்காத. தண்டவாளத்துக்கு வா. நீ ஜாயிண்ட்டு போட்ட எடத்துல ரெண்டாவது பெட்டி எப்பவும் எறங்குதுல்ல? கண்ணால பாத்துத் தெரியாது. நகத்தை ஓட்டு. அந்தா, டொக்குன்னு தட்டுதா? அதை அரத்தால ரெண்டு இழுப்பு இழு. முப்பத்தேழு வருசப் படிப்புல ஒனக்கு உதவுறது இந்த ஒரு நகம்தான். நிக்கல் சில்வர் தண்டவாளம்னு விலையச் சொல்லி மிரட்டுனியே, அதுல பொட்டு வெள்ளி கெடையாதாமே? செம்பும் நாகமும் நிக்கலுமாம். ஒன் பொண்டாட்டிகிட்ட அதைச் சொல்லிராத. வெள்ளின்னு நெனச்சுத்தான் அது இன்னும் பொறுமையா இருக்கு.

லைன் வேலை பாக்குற ஆளுகன்னு ஒரு டப்பா பொம்மை வாங்கியிருந்த. ரெண்டு சென்டிமீட்டர் ஆளுக. அத்தன பேரும் ரோசாப்பூக் கலரு, தலையில மஞ்சத் தொப்பி, ஒருத்தன் தோண்டுறான், மூணு பேரு பாக்குறான். பாக்குற கணக்கு மட்டும் எல்லா நாட்டுலயும் சரியாத்தான் இருக்கு. கடப்பாறை புடிச்சவன் கை ரெண்டும் ஒரே எடத்துல இருக்கு, அப்படிப் புடிச்சா சாயங்காலத்துக்குள்ள இடுப்பு போயிரும். நேத்து ராத்திரி நீ தூங்குனப்பறம் ஒன் பெயிண்ட்டு டப்பாவத் தொறந்தது நான்தான். எலி இல்ல. ஒன் பொண்டாட்டிதான் லைட்டைப் புடிச்சுச்சு. ஒருத்தனை மட்டும் எடுத்து மாநெறம் அடிச்சு, காக்கி டவுசர் போட்டு, தொப்பிய முண்டாசா மாத்தியிருக்கேன். தோள்ல சுத்தியலு, இடுப்புல செவப்புக்கொடி பச்சைக்கொடி. கீமேன். அவன் கூட்டத்தோட நிக்க மாட்டான், தெனம் தனியாத்தான் லைன்ல நடப்பான், ஒரு சாவி தளந்திருந்தாலும் தட்டி எறக்கிட்டுத்தான் அடுத்த கட்டைக்குப் போவான்.

குடோனைத் தாண்டி, லைனை விட்டு ரெண்டு எட்டுத் தள்ளி, ஒடை மரத்து ஓரமா நிப்பாட்டி வெச்சிருக்கேன். லூப்பு போடுறேன், கைகாட்டிய மாத்துறேன்னு அவன நகத்திராத. ஒன் வண்டி இன்னும் வரல, அது தாண்டுனப்பறம்தான் அவன் நடக்கணும்.